எலி கடித்த கார் ஒயரிங்: கிரிம்ப் செய்வதா, ஈயம் வைப்பதா?

கேள்வி:
என்ஜின் அறைக்குள் புகுந்த எலி, ரேடியேட்டர் விசிறியின் ஒயரையும் ஒரு சென்சாரின் மெல்லிய ஒயர்களையும் கனெக்டரை ஒட்டியே கடித்துத் துண்டித்துவிட்டது. சர்வீஸ் நிலையத்தில் ஹார்னஸ் (ஒயர்களின் மொத்தத் தொகுப்பு) முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் பகுதி எலெக்ட்ரீஷியனோ முறுக்கி ஈயம் வைத்து டேப் சுற்றினால் போதும் என்கிறார். கனெக்டருக்குள் செல்லும் ஒயர் முனைகளில் புதிய டெர்மினல்களை (உலோக முனைகளை) கட்டிங் பிளையராலேயே அழுத்திப் பொருத்தலாமா, அதாவது கிரிம்ப் செய்யலாமா?

மறுமொழி 1:
முழு ஹார்னஸை மாற்றத் தேவையில்லை, ஐயா. ஆனால் பிளையர் வேண்டாம். கார் டெர்மினலின் பின்புறத்தில் இரண்டு இணைச் சிறகுகள் இருக்கும். முன் இணை செம்பு இழைகளையும், பின் இணை ஒயரின் மேலுறையையும் பிடிக்க வேண்டும். அதற்கான ராட்செட் கிரிம்பிங் கருவி, முன் சிறகுகள் இரண்டையும் உட்புறமாகச் சுருட்டி, இழைகளுக்கு இடையே காற்றுப் புகாதபடி இறுக்குவதால்தான் அந்த இணைப்பு ஈரத்திலும் களிம்பேறாமல் நிற்கிறது. பிளையர் சிறகுகளைத் தட்டையாக்குமே தவிர, இழைகளை அப்படி இறுக்காது. உதாரணமாக, 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு அதே அளவுக்கான டெர்மினலையே வாங்குங்கள். மேலுறையை உரிக்கும்போது ஓர் இழைகூட அறுபடக் கூடாது. முன் சிறகுகளுக்கு அடியில் மேலுறை சிக்கவும் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கிரிம்ப் செய்தபின் ஒரு துளி ஈயம் வைத்தால் கூடுதல் உறுதி கிடைக்காதா?

மறுமொழி 2:
கிடைக்காது, கேடுதான் வரும். உருகிய ஈயம் இழைகளின் வழியே மேலுறைக்குள் ஏறி, வளைய வேண்டிய ஒயரை விறைப்பாக்கிவிடும். என்ஜினின் அதிர்வில், விறைப்பு முடியும் அந்த இடத்திலேயே இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். முறுக்கி ஈயம் வைக்கும் முறைக்கும் இதுவே குறை.

ஒயர் நீளம் போதாமல் நடுவில் ஒட்டுப்போட நேர்ந்தால், செம்புக் குழாய் இணைப்பியை அழுத்தி, உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். ஒட்டுகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக அமையட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் ஒயர்களிலும் பல் பட்டிருந்தால், அவற்றை மட்டும் நீங்களே தொடாதீர்கள்.

மறுமொழி 3:
முடித்தபின் ஒவ்வொரு ஒயரையும் கையால் உறுதியாக இழுத்துப் பாருங்கள்; நழுவினால் அந்த டெர்மினலை மீண்டும் அழுத்தாமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பிறகு விசிறியை ஓடவிட்டு, இணைப்பின் இருபுறமும் மல்டிமீட்டரை வைத்து மில்லிவோல்ட் அளவைப் பாருங்கள். அதே நீளமுள்ள பழுதில்லாத ஒயரில் காட்டுவதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், இணைப்பு சரியாக இறுகவில்லை. மின்தடையைக் காட்டும் ஓம் அளவையில் இந்தக் குறை பெரும்பாலும் தெரியாது, ஏனெனில் ஒரேயொரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் சுழியத்தையே காட்டும்.