மருத்துவ அறவியல் பக்கம் முழுநேரமாக வரலாமா?

வணக்கம். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, எட்டு வருடமாக ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன். 2019இல் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தோடு அறவியலும் நோயாளியிடம் பேசும் முறையும் சொல்லித்தரும் 'ஏட்காம்' வந்தபோது, அந்த வகுப்பை என் தலையில் கட்டினார்கள். இப்போது அதுதான் பிடித்திருக்கிறது!

போன வாரம் வார்டில் நோயாளியான ஒரு பாட்டி முழு நினைவோடு உட்கார்ந்திருக்க, பயிற்சி மருத்துவர் ஒப்புதல் படிவத்தை மகனிடம் நீட்டினார். மாணவர்களோடு அரை மணி நேரம் அதையே பேசினோம்.

இதையே முழுநேர வேலையாக்க ஆசை. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியின் ஃபைமர் ஃபெலோஷிப், மருத்துவ ஆசிரியர்களுக்கான கற்பித்தல் பயிற்சி. மங்களூரு யேனபோயா பல்கலைக்கழகத்தில் அறவியலே படிக்கலாம். எது முதலில்? வார்டை விட்டால் மாணவர்கள் மதிப்பார்களா என்ற பயமும் உண்டு. இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், அறவியல் கட்டுரைகளைப் பதவி உயர்வுக்கு உங்கள் கல்லூரியில் ஏற்கிறார்களா?