மறு: ஸ்லிப்பர் ஆர்க்கிடைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> "பாதுகை மந்தாரை" என்று வைத்துவிடலாமே, கேட்கவும் அழகாக இருக்கிறது.

வணக்கம். அழகுதான் ஐயா, ஆனால் இரண்டு பாதியுமே இடிக்கிறது. மந்தாரை என்றால் இலையைத் தைத்துச் சாப்பிடுகிற மரம். அந்தப் பெயரைத் தூக்கி ஆர்க்கிடுக்குக் கொடுத்துவிட்டு மரத்தை எப்படிக் கூப்பிடுவது? பாதுகை என்றாலோ குமிழ் வைத்த தட்டைக் கட்டைதான் கண்ணில் வருகிறது, ஒரு இதழ் காலணியின் முன்பக்கம் மாதிரி குழிந்திருக்கிற இந்த ஆர்க்கிட் பூவில் அப்படி ஒரு பாகமே கிடையாது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த சிப்ரிபீடியம் என்ற பேரினப் பெயரிலேயே காலணி இருக்கிறது, உண்மைதான். முன்பக்கம் மூடிய காலணி போட்டவர்களுக்கு அது பொருந்தியது, நாமும் அந்தக் காலணியைச் சுமக்க வேண்டுமா?

என் பரிந்துரை "பையுதடு". ஆர்க்கிட் பூவின் மூன்றாவது அல்லி இதழை உதடு என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம், இந்தக் கூட்டத்தில் அந்த உதடுதான் பையாகக் குழிந்திருக்கிறது. பாபியோபெடிலம், சிப்ரிபீடியம், பிராக்மிபீடியம், செலினிபீடியம், மெக்சிபீடியம் என்று ஐந்து பேரினங்களுக்கும் இது பொது. "குடுவை" என்று ஒருவர் சொல்லியிருந்தார். குடுவைத் தாவரம் பூச்சியைத் தின்கிறது, இது தின்பதில்லை. வழுக்கும் உட்சுவரில் விழுந்த பூச்சி, பின்பக்கத்து மயிர்களைப் பிடித்து ஏறி, முதலில் சூல்முடியை உரசி, அப்புறம் பக்கவாட்டு மகரந்தப்பை ஒன்றை உரசிக்கொண்டு வெளியே போக வேண்டும், வேறு வழி கிடையாது. பெரும்பாலான இனங்களில் பாவம், அதற்குத் தேன்கூடக் கிடைப்பதில்லை.

பையுதடு பேரினக் கூட்டத்தைக் காட்டும், அவ்வளவுதான். இனத்தைப் பிரிக்க அதற்கு மேலே நடுவில் இருக்கிற சின்னத் தகட்டைப் பார்க்க வேண்டும். பாடநூலில் மலட்டு மகரந்தத்தாள் என்று இருக்கிறது. சரியான சொல்தான், ஆனால் ஒரு வரியில் மூன்று முறை எழுதிப் பாருங்கள்! "மலட்டுத்தாள்" என்று சுருக்கலாம். பாபியோபெடிலம் இன்சிக்னே என்ற இனத்தில் அது தலைகீழ் இதய வடிவில், நடுவில் ஒரு மஞ்சள் குமிழோடு இருக்கும். அதே பேரினத்துப் பார்பாட்டத்தில் பிறை வடிவம். மேலே நிமிர்ந்து நிற்பது மேற்புல்லி. கீழே இரண்டு புல்லிகள் ஒட்டி ஒன்றாகிப் பையுதட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதற்கு இணைபுல்லி. இந்த நான்கு சொல் இருந்தால் இன்சிக்னேயையும் அதே பேரினத்து வில்லோசத்தையும் தமிழிலேயே பிரித்துவிடலாம்: முன்னதன் மேற்புல்லியில் வெள்ளை விளிம்பும் பழுப்புப் புள்ளிகளும், பின்னதில் புள்ளி இல்லை, பூ முழுக்க வார்னிஷ் அடித்தாற்போல் பளபளக்கும், பக்க அல்லியின் மேல்பாதி கீழ்ப்பாதியைவிடக் கருத்திருக்கும்.

நம் பக்கத்து இனத்துக்காகவாவது சொல் வேண்டும். அகத்தியமலைப் பகுதியில் 1865இல் ட்ரூரி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி கண்டெடுத்த இனத்துக்கு "பாபியோபெடிலம் ட்ரூரியை" என்று பெயர், மஞ்சள் பூவில் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும், தென்னிந்தியாவில் இயற்கையாக இருக்கும் ஒரே பையுதட்டு ஆர்க்கிட் அதுதான். செடி பிடிக்கிறவர்கள் அள்ளிப்போய்க் காட்டில் அருகிவிட்டது. "காட்டுச் செடி கிடைக்கிறது" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், இது சட்டப்படி குற்றமும்கூட.

> சொல் இருக்கட்டும், வீட்டில் வளருமா? எனக்கு வேர் பழுப்பாகிவிட்டது, அழுகல் என்று வெட்டிவிடட்டுமா?

வெட்டாதீர்கள்! பாபியோபெடிலம் வேர் பழுப்பாகவும் மயிர் மயிராகவும் இருப்பதுதான் ஆரோக்கியம். விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் நல்ல வேர், கொழகொழவென்று தோல் உரிந்து வந்தால்தான் அழுகல். இதற்குப் போலிக்குமிழ், அதாவது பல ஆர்க்கிடுகளில் இருக்கிற தடித்த தண்டு, கிடையாது, தண்ணீரைச் சேர்த்துவைக்க இடமில்லை, ஆகவே டென்ட்ரோபியம் ஆர்க்கிட் மாதிரி காயப்போடக்கூடாது. மரப்பட்டைத் துண்டும் கொஞ்சம் கரியும் கலந்த சின்னத் தொட்டி, கிழக்குச் சன்னல், முடிந்தால் மழைத்தண்ணீர். காலையில் ஊற்றுங்கள், இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் துணி முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள், அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தளிர் ஒரே முறைதான் பூக்கும், அப்புறம் பக்கத்தில் வருகிற தளிருக்குக் காத்திருக்க வேண்டும்.

சமவெளிக்காரர்கள் இலையைப் பார்த்து வாங்குங்கள். வரிவரியாகத் திட்டுள்ள இலை பொதுவாக வெக்கை தாங்கும், வெறும் பச்சை இலைக்காரர்களில் பலருக்கு இரவு குளிர வேண்டும். பச்சை இலை இன்சிக்னேயைச் சென்னையில் வைத்துக்கொண்டு பூக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

—

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கொடிமலையில் பார்பாட்டம் இயற்கையாகவே இருக்கிறது, பக்க அல்லியின் மேல்விளிம்பில் கரும்பருக்கள் வரிசையாக இருக்கும், அதை ஒத்த காலோசம் என்ற இனத்தில் பூ பெரிது, அல்லி கீழ்நோக்கிச் சாயும். பையுதடு, மலட்டுத்தாள், மேற்புல்லி, இணைபுல்லி நான்கும் எனக்குச் சம்மதம். ஆனால் செடிக்கே "பையுதட்டு ஆர்க்கிட்" என்பது வாயில் நுழையவில்லை, நாற்றங்காலில் ஸ்லிப்பர் என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உறுப்புக்கு மட்டும் பையுதடு, செடிக்கு ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்று விட்டுவிடலாமா?

—

விடலாம், ஆனால் சொற்பட்டியலில் இரண்டையும் போடுங்கள். கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், தொட்டி வாங்கப் போகிறவர் மற்றதை. போலிக்குமிழுக்கு யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருக்கிறதா? அந்தப் "போலி" எனக்கு உறுத்துகிறது.