20 வயசு ஆக்டேவியா ஆர்எஸ்: ரீமேப் முதலிலா, கண்டாங்கி சீட் முதலிலா?

கோட்டையூரான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மான் 2005இல் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 1.8 டர்போ பெட்ரோல், 5 கியர், மஞ்சள் நிறம். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, "வித்தா இரும்பு விலைக்குத்தான் கேப்பான், நீயே வச்சுக்க" என்று போன பொங்கலுக்குச் சாவியைக் கையில் வைத்துவிட்டார். 92,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கோட்டையூர் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் நிற்கும், மாதம் ஒருதரம் பிள்ளையார்பட்டி வரைக்கும் போய்வரும், அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

நான் எட்டாவது படிக்கும்போது திருச்சி ரோட்டில் அம்மான் இதை மிதித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது, பின்சீட்டில் இருந்த என் தலை சாய்மானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது அதே ரோட்டில் அதே மிதி மிதித்தால் ஒரு பெருமூச்சு விடுகிற சத்தம்தான் வருகிறது, வண்டி நகர்வது டர்போ இல்லாத சாதாரண 1.8 மாதிரிதான். நியூட்ரலில் நின்றாலும் லேசாக ஆடுகிறது.

என் திட்டம் இதுதான். ரீமேப் (என்ஜினின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது) பண்ணி 190 குதிரைத்திறன், கூம்பு ஏர் ஃபில்டர், கியர் மாற்றும்போது "ப்ஸ்ஸ்" என்று வெளியே விடுகிற புளோ ஆஃப் வால்வு, கறுப்பு அலாய். உள்ளே சீட் துணி கிழிந்திருப்பதால் அதற்குக் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக் கட்டம் போட்டால் என்ன என்று ஓர் ஆசை, சிரிக்காதீர்கள். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, நீங்கள் கேட்ட வரிசையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போடுங்கள்.

உங்களிடம் இப்போது 150 குதிரையே இல்லை. ஐரோப்பாவில் இந்த ஆர்எஸ்ஸுக்கு 180 கொடுத்தார்கள், நமக்கு 150 கொடுத்தார்கள், அதிலும் எத்தனை ஷெட்டிலேயே தங்கிவிட்டதோ தெரியாது. காற்று ஒழுகுகிற என்ஜினுக்கு ரீமேப் போடுவது ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. குடம் நிறையாது, ஊற்றுகிறவனுக்குத்தான் கை வலிக்கும்.

நீங்கள் சொன்ன பெருமூச்சும் நியூட்ரல் ஆட்டமும் சேர்ந்து வந்தால் நான் முதலில் ரப்பரைத்தான் சந்தேகப்படுவேன். இந்த என்ஜினின் தலைக்குப் பின்னாலும் இன்டேக்குக்கு அடியிலும் சுண்டுவிரல் தடிமனில் பத்துப் பன்னிரண்டு வேக்குவம் ஹோஸ், பிரீதர் ஹோஸ் ஓடும். 20 வருஷ வெயிலில் அவை முறுக்கு மாதிரி ஆகிவிடும், விரலால் அமுக்கினாலே நொறுங்கும். எந்த வண்டியின் ரப்பரும் இந்த வயதில் அப்படித்தான், கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை. த்ராட்டிலுக்கு (என்ஜினுக்குள் காற்றை விடுகிற கதவு) பிறகு ஓட்டை இருந்தால் அளக்காத காற்று உள்ளே போய் என்ஜின் ஆடும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் ஓட்டை இருந்தால், ஏர்ஃப்ளோ சென்சார் எண்ணி முடித்த காற்று வழியிலேயே தப்பித்துப் போகும், ஈசியூ என்கிற என்ஜின் கம்ப்யூட்டர் அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும், புகை கறுக்கும், மைலேஜ் போகும், இழுவை வராது.

நீங்கள் ஆசைப்படும் "ப்ஸ்ஸ்" வால்வும் செய்வது இதே கூத்துதான், என்ன, காசு கொடுத்து ஓட்டை போட்டுக்கொள்கிறோம். கம்பெனி போட்ட டைவர்ட்டர் வால்வு மிச்சக் காற்றைத் திரும்ப டர்போ வாய்க்கே அனுப்பும். அதை வெளியே விட்டால் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரு வாய் பெட்ரோல் அதிகம், சிக்னலில் ஆஃப் ஆகவும் செய்யும். சத்தம் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் வாங்குங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை. டைவர்ட்டர் வால்வைக் கழற்றுங்கள். கீழ்வாயில் விரலை விட்டு உள்ளே இருக்கும் தட்டை மேலே தள்ளுங்கள், தள்ளியபடியே மேலே உள்ள சின்ன மூக்கை இன்னொரு விரலால் இறுக்கி மூடிக்கொண்டு தட்டை விடுங்கள். தட்டு மேலேயே நின்றால் நல்லது. உடனே இறங்கிவிட்டால் உள்ளே டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒரே தாளத்தில் ஓட்டுகிற பெல்ட். எப்போது மாற்றினார்கள்? பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், கிலோமீட்டரை நம்ப வேண்டாம், நின்ற வண்டிக்கும் பெல்ட்டுக்கு வயசாகும். இது சிலிண்டருக்கு 3 இன்லெட், 2 எக்ஸாஸ்ட் என மொத்தம் 20 வால்வு என்ஜின். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும், அப்புறம் அம்மான் சொன்ன இரும்பு விலைதான். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒரே தடவையில் மாற்றுங்கள். என்ஜின் ஆயில் விடபிள்யூ 502.00 என்று டப்பாவில் எழுதியிருக்கிற முழு சிந்தெட்டிக் 5டபிள்யூ-40. ஆயிலில் மிச்சம் பிடித்தால் டர்போவில் செலவாகும்.

பூஸ்ட் பாண்டி

ரஸ்தா அண்ணன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் ரீமேப்பை இப்படி அடிக்க வேண்டாம்ணே. நான் இதே 1.8 டர்போ போட்ட வேறொரு வண்டி வைத்திருந்தேன். ஹோஸ் எல்லாம் மாற்றி, நான்கு இக்னிஷன் காயிலும் பிளக்கும் புதிது போட்டு, அப்புறம்தான் ரீமேப் செய்தேன். மூன்றாவது கியரில் குன்றக்குடி பக்கம் ஓவர்டேக் எடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை. சின்ன டர்போ என்பதால் கீழேயிருந்தே இழுக்கும், ஆனால் மேலே 6,000 பக்கம் மூச்சு வாங்கும். 190 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், இந்த டர்போவில் 180 பக்கத்தில் நின்றாலே நல்ல ரீமேப்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், என் கதை. ரீமேப் போட்டு நாலாவது மாதம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது, ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பழைய கிளட்ச், புது டார்க் (இழுவிசை), தாங்கவில்லை. அந்தச் செலவை எந்தக் கடைக்காரரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். உங்கள் ஒன்றரை லட்சத்தில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கூம்பு ஃபில்டர் வேண்டவே வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் பானெட்டுக்குள் கொதிக்கிற காற்றைத்தான் அது உறிஞ்சும். பங்குனி சித்திரையில் பறக்கிற செம்மண் புழுதி வேறு. கம்பெனி பெட்டி வெளியேயிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது, அதற்குள் நல்ல பேப்பர் ஃபில்டர் ஒன்று போதும். காசு மிஞ்சினால் டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரைப் பாருங்கள். கம்பெனி போட்டது பம்பர் மூலைக்குள் ஒளிந்திருக்கிற சின்னப் பெட்டி, நம் வெயிலில் இரண்டு மிதிக்கு மேல் சூடேறி டர்போவைச் சோர்ந்துபோகச் செய்யும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2317 என்றால் 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம். கறுப்பு அலாய் வாங்கும் முன் அதைப் படியுங்கள். மாதம் ஒருதரம் ஓடிய வண்டியில் டயர் தேயாது, கல்லாகிவிடும்.

பேப்பர் வேலை

என்ஜின் பேச்சை நிறுத்தி ஆர்சி புக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2005 வண்டி, 15 வருஷம் முடிந்து 2020இல் ஒருதரம் 5 வருஷத்துக்குப் புதுப்பித்திருப்பார்கள். அது 2025இல் முடியும். அடுத்ததைச் செய்தாயிற்றா? 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் புதுப்பிக்கும் கட்டணத்தையே 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அந்த நேரத்தில் பம்பரும் சைலன்ஸரும் கம்பெனி போட்டது மாதிரி இருப்பது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்சியில் இருக்கிற விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். நிறம் மாற்ற வேண்டுமென்றால் ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். மஞ்சளை மாற்றுகிற எண்ணம் இருந்தால் அதைவிடப் பாவம் வேறு இல்லை என்பது என் சொந்தக் கருத்து.

ஏதாவது மாற்றினால் இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டுக் கிளைம் போட்ட என் மைத்துனர் பட்ட பாடு பெரிய கதை.

நூல்கண்டு

எல்லாரும் என்ஜினுக்குள்ளேயே இருக்கிறீர்கள், அந்தப் பையன் கடைசியாகக் கேட்டதுதான் நல்ல கேள்வி!

கண்டாங்கி சீட்டுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். 1976இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் சீட்டுக்குக் கட்டம் போட்ட துணியைக் கொடுத்தவர் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர். கியர் தலைக்கு கோல்ஃப் பந்து வைத்தவரும் அவரேதான். ஸ்காட்லாந்துக் கட்டத்தை ஜெர்மன்காரர் காருக்குள் போடலாமென்றால், கோல்ஃபுக்கு உறவுக்கார வண்டியான ஆக்டேவியாவில் காரைக்குடிக் கட்டத்தைப் போட நமக்கு என்ன தயக்கம்? 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி அது.

ஆனால் சேலையை அப்படியே உறையாகத் தைத்துவிடாதீர்கள், ஆறு மாதத்தில் உட்காரும் இடம் நைந்துபோகும். நான் எங்கள் வீட்டு ஊஞ்சல் மெத்தைக்குச் செய்து பார்த்துக் கற்றது இது. முதலில் துணியை உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து இரண்டு தடவை அலசுங்கள். அரக்குச் சாயம் முதல் அலசலில் கொஞ்சம் போகும், துணியும் சுருங்கும், இரண்டும் தைப்பதற்கு முன்னாலேயே நடந்துவிட வேண்டும். அப்புறம் பின்னால் மெல்லிய ஃபோம் ஒட்டிய கெட்டித் துணியோடு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். நடுப் பட்டைக்கு மட்டும் கண்டாங்கி, வேட்டி உரசுகிற ஓரங்களுக்குக் கறுப்பு ரெக்ஸின் அல்லது தோல். அகலக் கரையை வீணாக்காதீர்கள், சாய்மானத்தின் நடுவே மேலிருந்து கீழே ஒரே கோடாக ஓடவிடுங்கள், கட்டத்துக்கு அதுதான் அழகு. கட்டங்கள் இடது சீட்டிலும் வலது சீட்டிலும் ஒரே உயரத்தில் வரவேண்டும் என்று தைக்கிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் கோபித்துக்கொள்வார்.

முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத் தையலைத் தொடவே கூடாது, அது ஏர்பேக் வெளியே வரும்போது பிரிய வேண்டிய தையல்.

பூஸ்ட் பாண்டி

அக்கா, அப்படியே டேஷ்போர்டுக்கு ஆத்தங்குடி டைல்ஸும் ஒட்டிவிடலாமா?

நூல்கண்டு

வண்டி எடை ஏறும் தம்பி, உங்கள் 180 குதிரை போதாது.

கோட்டையூரான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரஸ்தா அண்ணே, வால்வைக் கழற்றி நீங்கள் சொன்னபடி செய்தேன். தட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை, டப்பென்று இறங்கிவிட்டது. அதை மாற்றியும் பாதிதான் சரியானது. அப்புறம் எங்கள் ஊர் பஞ்சர் கடையில் ஒரு வேலை செய்தோம். பிவிசி பைப்புக்குப் போடும் மூடியில் ஓட்டை போட்டு ஒரு டியூப் வால்வைப் பொருத்தி, அதை டர்போவின் வாயில் கிளாம்ப் போட்டு இறுக்கி, காற்று அடித்தோம். பத்து பவுண்டுக்கு மேல் வேண்டாம் என்று நானே பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து, டயருக்குத் தடவுகிற அதே பிரஷ்ஷால் ஹோஸ் ஹோஸாகத் தடவிக்கொண்டே வந்தார். இன்டேக்குக்கு அடியில், கை மட்டுமே நுழைகிற இடத்தில், புஸ்ஸென்று நுரை பூத்தது. வெளியே எடுத்தால் முழங்கை மாதிரி வளைந்த ஒரு பிரீதர் ஹோஸ், வளைவின் அடிப்பக்கம் மட்டும் விரலளவு பிளந்திருக்கிறது, மேலேயிருந்து பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். இன்னொரு வேக்குவம் ஹோஸை எலி கடித்திருந்தது, பல் தடத்தோடு.

எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. நேற்று அம்மானை முன்சீட்டில் வைத்துக்கொண்டு திருச்சி ரோட்டுக்குப் போனேன். மூன்றாவது கியரில் மிதித்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டிக் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் "சரி, மெல்லப் போ" என்றார்.

ரீமேப்பை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டேன். டைமிங் பெல்ட்டுக்குப் பில் எதுவும் கிடைக்கவில்லை, வியாழக்கிழமை பெல்ட்டும் பம்பும் மாற்ற வண்டியை விடுகிறேன். ஆர்சி விஷயம் நல்ல வேளை சொன்னீர்கள், காலாவதியாக இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, சீட்டுக்கு முன்னால் அதுதான்.

சீட்டில்தான் தகராறு. நான் கறுப்பும் மஞ்சளும் கலந்த கட்டம் என்கிறேன், அம்மான் அரக்குத்தான் என்கிறார். ஆத்தா தங்கள் பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நூல்கண்டு

அந்தச் சேலையில் கத்தரி வைக்காதீர்கள். காரைக்குடியில் அதே கட்டத்தில் புதுச் சேலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஐந்தரை மீட்டரில் நான்கு சீட்டுக்கு நடுப் பட்டை தாராளமாக வரும்.

தேவகோட்டை ரஸ்தா

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது பழைய பெல்ட்டையும் பம்பையும் கையில் வாங்கி வாருங்கள். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற இலை பிளாஸ்டிக்கா உலோகமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.