மறு: ‘ரெட்ரோ ஹேண்ட்ஹெல்ட் கன்சோல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். குறைந்த விலையில், பழைய வீடியோ கேம்களைக் கையில் பிடித்து ஆடும் ‘ரெட்ரோ ஹேண்ட்ஹெல்ட் கன்சோல்’ கருவி வாங்க விரும்பும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர இளைஞர்களுக்காக நாம் எழுதிவரும் குறிப்பின் பொருட்டு முன்மொழியப்பட்ட ‘கையாடி’, ‘கையாட்டுப்பொறி’ ஆகிய இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். கையாடல் என்றதும் பொதுப்பணத்தைச் சுருட்டியவர்தான் நினைவுக்கு வருவார்; கையாட்டுவதோ விடைபெறுபவர் செய்வது. வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி என்ற வழக்கை ஒட்டிக் கன்சோலை ‘ஆட்டப்பெட்டி’ என்றும், கையில் பிடித்து ஆடும் வகையைக் ‘கையடக்க ஆட்டப்பெட்டி’ என்றும் சொல்லலாம். ‘ரெட்ரோ’வுக்குப் ‘பழைய’ என்பதே போதும்.

எமுலேட்டருக்குப் ‘போலி’ என்று ஒருவர் தந்திருப்பதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். 1990களில் தென்னாப்பிரிக்காவில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்ற ‘கோல்டன் சைனா’, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் விற்ற ஃபேமிகாம் என்ற ஆட்டப்பெட்டியை வன்பொருளளவிலேயே நகலெடுத்த ஒன்று; போலி என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். எமுலேட்டரோ, ஒரு பெட்டியின் செயலியும் வரைகலைச் சில்லும் இயங்கும் முறையை முற்றிலும் வேறான ஒரு கணினியின்மீது நிகழ்த்திக் காட்டும் மென்பொருள். ஆகவே இதற்குப் ‘போன்மி’ என்றும், முன்னதற்கு ‘நகல்பெட்டி’ என்றும் இரு சொற்கள் வேண்டும்.

வாங்குபவரின் பணம் இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது. அட்டையில் நானூறு ஆட்டங்கள் என்று அச்சிட்டு விற்கும் மிக மலிவான கருவிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் சில்லில் அடக்கப்பட்ட ஃபேமிகாம் நகல்களே. உள்ளே இருப்பதற்கு மேல் எதையும் அவற்றில் எளிதாகச் சேர்க்க இயலாது. மியூ மினி பிளஸ், ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் பிளஸ் போன்றவை லினக்ஸ் இயங்குதளத்தில் பல போன்மிகளை ஓட்டுபவை என்பதால், 1989இன் கேம் பாய் முதல் 1994இன் பிளேஸ்டேஷன் வரையிலான பெட்டிகளின் ஆட்டங்களை ஒரே பெட்டியில் ஆடலாம். இவ்விரண்டிலும் சாய்வுக்குமிழ் (விரலால் எப்பக்கமும் சாய்க்கும் ‘அனலாக் ஸ்டிக்’) இல்லாததால், அது தேவைப்படும் நிண்டெண்டோ 64 பெட்டியின் ஆட்டங்களை ஆட வேண்டுமென்பவர் வேறொன்றைத் தேட வேண்டும்.

பழைய ஆட்டத்தின் படத்தை இரண்டு, மூன்று என முழு எண் மடங்கில் மட்டுமே பெரிதாக்கும் ‘இன்டிஜர் ஸ்கேலிங்’ என்பதற்கு ‘முழுமடங்குப் பெருக்கம்’ என்று முன்மொழிகிறேன். மேற்சொன்ன இரண்டின் திரையும் 640×480 படப்புள்ளிகள் கொண்டது. கேம் பாயின் 160×144 படத்தை மும்மடங்காக்கினால் 480×432 ஆகி அதில் நன்றாகவே அடங்கும். கேம் பாய் அட்வான்ஸின் 240×160 படமோ இருமடங்கோடு நின்று நாற்புறமும் கறுப்பு விளிம்பை விட்டுவிடும், அகலம் முழுவதும் நிரப்ப முயன்றால் புள்ளிகள் ஒன்றுக்கொன்று அளவு மாறித் தெரியும். 720×720 சதுரத் திரையுள்ள பவ்கிட்டி ஆர்ஜிபி30இல் அதே படம் மும்மடங்கில் 720×480 ஆகி அகலத்தை மிகச்சரியாக நிரப்புகிறது. அட்வான்ஸ் ஆட்டங்களையே விரும்புபவருக்கு, பார்வைக்குச் சற்று விகாரமான அந்தச் சதுரப் பெட்டியையே நான் பரிந்துரைப்பேன்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து

மறுமொழி:

அன்புள்ள ஐயா,

வணக்கம். ‘போன்மி’ எனக்கு முழு உடன்பாடு. ‘நகல்பெட்டி’ புணர்ச்சி விதிப்படி ‘நகற்பெட்டி’ ஆக வேண்டும் எனினும், தமிழை வார இறுதி வகுப்பில் மட்டும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ‘நகல்’ கண்ணில் பட வேண்டும் என்பதால், தாங்கள் எழுதியவாறே விட்டுவிடலாம். ‘பெருக்கம்’ மட்டும் மாற வேண்டும். இங்கு எண்ணிக்கை பெருகவில்லை, உருவம் பெரிதாகிறது, ஆகையால் ‘முழுமடங்கு உருப்பெருக்கம்’ என்று இருக்கட்டும். சாய்வுக்குமிழ் உள்ள மலிவான பெட்டியாக ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் ஹெச் இருக்கிறது. அதன் பெயரையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

பணிவுடன்,
பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து