சிறிய மேசையின் மேற்பலகை வெடித்தது ஏன்?

கேள்வி:
வணக்கம். கைக்கருவிகளை மட்டுமே கொண்டு 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் உள்ள சிறிய மேசை ஒன்றைச் செய்தேன். மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, கால்களை இணைக்கும் நான்கு சட்டங்களின் மீதும் பசையிட்டுத் திருகாணிகளால் இறுக்கினேன். மழைக்காலத்தில் முடித்த மேசை, கோடையில் நீளவாக்கில் 2 மி.மீ. அளவுக்கு வாய் திறந்துவிட்டது. ஒட்டிய இடம் விடவில்லை, நடுப்பலகையே பிளந்திருக்கிறது. ஒரு காலும் ஆடுகிறது. குறை மரத்திலா, என் வேலையிலா?

மறுமொழி 1:
மரத்தைக் குறை சொல்ல வேண்டாம், நண்பரே. மரம் நாரோட்டத்தின் (மர நார்கள் ஓடும் திசையின்) நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கிலோ காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அதிகம் அசையாத தேக்கில்கூட 400 மி.மீ. அகலத்துக்குப் பருவத்துக்குப் பருவம் 3 மி.மீ. வரை வேறுபாடு வரலாம். உங்கள் மேசையின் குறுக்குச் சட்டங்கள் அந்தச் சுருக்கத்துக்கு இடம் தராமல் பிடித்துக்கொண்டதால், பலகை பிளந்துதான் வழி தேடிக்கொண்டது.

பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே பசையே கூடாது. சட்டங்களின் உட்புறத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, நாக்குப் போன்ற முனையுள்ள சிறு மரக்கட்டைகளை அதில் நுழைத்து, கட்டைகளைப் பலகையின் அடியில் திருகிவிடுங்கள். நீளச் சட்டங்களில் நாக்கு காடியின் அடிவரை முட்டாமல் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், குறுக்குச் சட்டங்களில் காடி நாக்கைவிட நீளமாக இருந்தால் கட்டை பக்கவாட்டில் நகரும். குறுக்குச் சட்டங்களின் நடுவில் மட்டும் ஒவ்வொரு திருகாணி இறுக்கினால், அசைவு இருபுறமும் சமமாகப் பிரியும்.

மறுமொழி 2:
ஆடும் காலைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் காலில் துளையை உளியால் வெட்டி, அதன் பிறகே சட்டத்தின் கழுந்தை (துளைக்குள் நுழையும் மெலிந்த முனையை) அந்தத் துளைக்கு ஏற்ப இழைக்க வேண்டும். கழுந்தைக் குறைப்பது எளிது, துளையைச் சிறிதாக்க முடியாது. கழுந்தின் தடிமன் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 20 மி.மீ. சட்டமானால் 6 மி.மீ. உளியின் அகலத்தையே அளவாகக் கொள்ளுங்கள். கொட்டாப்புளியால் தட்டாமல், கை அழுத்தத்திலேயே கழுந்து உள்ளே செல்ல வேண்டும். காலின் மேல்முனையில் 20 மி.மீ. கூடுதலாக விட்டுத் துளையிட்டால் முனை பிளக்காது. மிச்சத்தை இறுதியில் அறுத்துவிடலாம். இந்த ஒரு பழக்கம் எனக்குப் பல கால்களைக் காப்பாற்றித் தந்திருக்கிறது.

மறுமொழி 3:
கால் இணைப்பில் பசையோடு மர ஆணியும் அடிக்கலாம். கழுந்தில் ஆணிக்காக இடும் துளை, காலில் ஆணிக்காக இடும் துளையைவிடத் தோள்பக்கமாக (கழுந்து தொடங்கும் படியின் பக்கமாக) 1 மி.மீ. தள்ளி இருந்தால், ஆணி இறங்கும்போதே இணைப்பை இழுத்து இறுக்கும். ஆணிக்கான குச்சியை அறுக்காமல் நாரோட்டத்திலேயே பிளந்து எடுங்கள்; அறுத்த குச்சி குறுக்கே ஒடிந்துவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பலகை பசையோடு ஒட்டியிருப்பதால், மெல்லிய ரம்பத்தால் சட்டங்களிலிருந்து அறுத்துப் பிரிக்க எண்ணியிருக்கிறேன். பிளந்த பலகையை மீண்டும் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
தாராளமாகப் பயன்படுத்தலாம். பிளவின் வழியே முழு நீளத்துக்கும் அறுத்து, இரு விளிம்புகளையும் நீண்ட இழைப்புளியால் நேராக்கி மறுபடி ஒட்டுங்கள். சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கும் ஒளி கசியக் கூடாது. அகலம் சில மில்லிமீட்டர் குறையும்; சட்டங்களுக்கு வெளியே பலகை நீட்டிக்கொண்டிருக்கும் அளவு அதைத் தாங்குமா என்று அறுப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள்.