தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளிடம் பாடசாலையைப் பற்றிக் கருத்துக் கேட்பது எவ்வாறு?

கேள்வி: வலிகாமத்துப் பெற்றோர்

வணக்கம். எனது மகள் படிக்கும் சிறிய ஆரம்பப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினர். அடுத்த வருடத் திட்டத்தில் பிள்ளைகளின் கருத்தையும் சேர்க்க வேண்டும் என்று அதிபர் விரும்பியதால், ஒரு பக்க வினாக்கொத்தைத் தயாரித்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்த தாள்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் கவலையும் ஒன்றாக வந்தன. தரம் 1 பிள்ளையொன்று “இணைய வசதியுடன் கூடிய நவீன வகுப்பறை அவசியம்” என்று எழுதியிருந்தது; கையெழுத்து தாயாருடையது. தரம் 5 பிள்ளைகளில் அநேகர் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மேலதிக வகுப்பு வேண்டும் என்பதை ஏறக்குறைய ஒரே வசனத்தில் எழுதியிருந்தனர். இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கின்ற பிள்ளைகளின் மனதில் உள்ளதை அறிய வேறு வழி உண்டா?

பதில் 1: ஓய்வுநிலை ஆசிரியை, வடமராட்சி

தாளை வீட்டுக்கு அனுப்பியதுதான் பிழை. அங்கே பதில் எழுதுவது பெற்றோர்; வகுப்பறையில் கேட்டாலோ, ரீச்சருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பிள்ளைகள் சொல்வார்கள். “என்ன வேண்டும்?” என்று கேட்காமல், “உங்கள் பள்ளிக்கூடத்தை எனக்குச் சுற்றிக் காட்டுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். மூன்று நான்கு பிள்ளைகள் முன்னே நடக்க, நீங்கள் பின்னால் செல்ல வேண்டும்.

நான் படிப்பித்த காலத்தில் தரம் 2 பிள்ளையொன்றின் தண்ணீர்ப் போத்தல் பாடசாலை விடும் வரையும் நிரம்பியபடியே இருக்கும். தண்ணீர் குடிப்பதில்லை என்று நானே பல தடவை ஏசியிருக்கிறேன். ஒருநாள் இப்படிச் சுற்றிவந்தபோது அந்தப் பிள்ளை மலசலகூடத்தின் முன்னால் நின்று, உள்ளே குந்தியிருந்தபடி ஒரு காலை நீட்டிக் கதவை எப்படி அழுத்திப் பிடிப்பது என்று செய்து காட்டியது. கதவின் கொண்டி பெரியவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அதைக் கழற்றிக் கீழே பூட்டுவதற்கு அரை மணித்தியாலமும் ஆகவில்லை. எந்த வினாக்கொத்தில் இதை அந்தப் பிள்ளை எழுதியிருக்கும்?

இம்முறை என் கண்டுபிடிப்பு அல்ல. அலிசன் கிளார்க், பீற்றர் மொஸ் ஆகிய இரு ஆய்வாளர்களும் 2001 இல் விளக்கிய ‘மொசைக்’ அணுகுமுறையில், பாலர் வயதுப் பிள்ளைகளே சுற்றிக் காட்டுவதும், படம் எடுப்பதும், வரைபடம் கீறுவதும் முக்கிய இடம் பெறுகின்றன. கமரா இல்லாவிட்டால் கொப்பித் தாளும் வர்ணப் பென்சிலும் போதும். ஆனால் கீறிய படத்தைப் பார்த்து நாமே பொருள் சொல்லக் கூடாது, அதைப் பற்றிப் பிள்ளை பேசுவதைக் கேட்க வேண்டும்.

பதில் 2: இரண்டு பிள்ளைகளின் தகப்பன்

எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. இன்று ஊஞ்சல் கேட்பார்கள், நாளை இந்த ரீச்சர் வேண்டாம் என்பார்கள். பணம் இல்லாத சங்கம் ஆசையை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால், அதைவிடக் கேட்காமல் விடுவது நல்லதல்லவா?

பதில் 3: ஆரம்பப் பிரிவு ஆசிரியர், தீவகம்

ஐயா சொல்வதில் பாதி சரி. கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது பெரிய பிழை. ஆனால் கேட்பது நாம் விரும்பினால் செய்கின்ற உபகாரமும் அல்ல. 1991 இல் இலங்கை ஏற்றுறுதிப்படுத்திய ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களில் அதன் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. மதிப்பளிப்பது என்றால் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது என்று பொருளல்ல.

எங்கள் வகுப்பில் ஐந்து சிரட்டைகளை வைத்து, அவற்றின் முன்னால் பிள்ளைகளே கீறிய படங்களை ஒட்டினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புளியங்கொட்டைகள்; எது வேண்டுமோ அந்தப் படத்தின் சிரட்டையில் போட வேண்டும். முதல் தடவை வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளை போட்ட சிரட்டையிலேயே எல்லோரும் போட்டுவிட்டார்கள். அடுத்த தடவை சிரட்டைகளைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொருவராக அனுப்பினோம். அப்போதுதான் இடைவேளையில் இருப்பதற்கு நிழல் வேண்டும் என்ற படத்துக்குக் கொட்டைகள் குவிந்தன. ஊஞ்சலுக்கு இந்த வருடம் பணம் இல்லை என்பதைக் காலைக் கூட்டத்தில் காரணத்துடன் அதிபரே சொன்னார். ஒரு பிள்ளையும் அழவில்லை.

ஆசிரியரைப் பற்றிய முறைப்பாடு வேறு விடயம். அடி, துன்புறுத்தல் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைத் திட்டத்தில் எழுதவோ கூட்டத்தில் வாசிக்கவோ கூடாது. அதிபரிடம் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அங்கே சொல்ல முடியாத நிலை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வகுப்பாசிரியர் உடன் வராமல், பிள்ளைகளுடன் நானும் இன்னொரு தாயாரும் சுற்றிவருவதற்கு அதிபர் சம்மதித்துள்ளார். புளியங்கொட்டை வீட்டில் வேண்டிய அளவு இருக்கிறது. சிரட்டைகளைத்தான் அடுப்புக்குப் போகாமல் காப்பாற்ற வேண்டும்.