தங்கைக்கு ஹெல்த் அண்ட் வெல்னஸ் டிகிரி சரிப்படுமா?

கோபிக்காரன்:
தங்கச்சி பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவள், நீட்டில் மார்க் வரவில்லை. யோகா, உணவு, உடல்நலம் என்று ஏதாவது டிகிரி படிக்கிறேன் என்கிறாள். அப்பாவோ மஞ்சள் மண்டி கணக்கு பார்க்கவாவது ஆகும், பி.காம். சேர்த்துவிடு என்கிறார். விவரம் தெரிந்தவங்க சொல்லுங்க.

அவிநாசி அக்கா:
தம்பி, வெல்னஸ் என்ற பேரைப் பார்த்து மயங்காதீங்க, பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்க. நான் கோயமுத்தூரில் நியூட்ரிஷன் படித்தேன், சமையல் கிளாஸ் என்று நினைத்துப் போனால் முதல் வருஷமே வேதியியலும் உடலியங்கியலும் போட்டுத் தாளித்துவிட்டார்கள். பதிவுபெற்ற டயட்டீசியன் ஆக பி.எஸ்சி. மட்டும் பத்தாது, அதற்கு மேல் எம்.எஸ்சி.யோ முதுநிலை டிப்ளமோவோ முடித்து, ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் இன்டர்ன்ஷிப், அப்புறம் தேர்வு. அப்பாவிடம் இதையும் மறைக்காமல் சொல்லிடுங்க.

ஊத்துக்குளி:
டாக்டர் ஆசை இன்னும் இருந்தால் பி.என்.ஒய்.எஸ். பாருங்க. இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்தது, இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருஷம். நம்ம மாநிலத்தில் இதற்கு பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சீட் தருகிறார்கள். அரசுக் கல்லூரி அரும்பாக்கத்தில் இருக்கிறது, என்ன, சென்னைக்கு அனுப்பணும்.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. சென்னை என்றதுமே அம்மா முகம் சுருங்கிவிட்டது, ஆனால் ஐந்தரை வருஷம் என்றதும் தங்கச்சி கண்ணில் ஒரு வெளிச்சம். அப்பா இன்னும் வாயே திறக்கலைங்க.